இரண்டு தொகுதிகளில் நிற்பவருக்கு என் பேரன் ஏன் வாக்களிக்க வேண்டும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளித் தலைமையாசிரியை. பல தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் பணியாற்றியிருக்கிறேன். 1991 சட்டமன்றத் தேர்தலில் காங்கேயம் தொகுதியில் வாக்களித்தேன். நாங்கள் தேர்ந்தெடுத்த ஜெயலலிதா அவர்கள் பர்கூரிலும் வென்று, அதை வைத்துக்கொண்டு எங்கள் தொகுதியை விட்டுவிட்டார். அன்று அது எனக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. இப்போது முதல் முறையாக வாக்களிக்கப் போகும் என் பேரன், "இரண்டு இடத்தில் நிற்கிறவர் ஜெயித்த பிறகு நம்மை விட்டுப் போனால் என் ஓட்டு என்ன ஆகும்? அவருக்கு நான் ஏன் போட வேண்டும்?" என்று கேட்கிறான். எனக்குப் பதில் தெரியவில்லை. ஒருவர் எத்தனை தொகுதிகளில் நிற்கலாம்? விட்டுப் போனவர் மீது வழக்குத் தொடுக்க முடியுமா? இடைத்தேர்தல் செலவு யார் தலையில் விழுகிறது? இதை நிறுத்த வழியே இல்லையா?

பதில்: மதிப்பிற்குரிய அம்மா,

தேர்தல் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞன் என்ற முறையில் இந்தக் கேள்வியை அரசியல் கட்சியினரிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன். அவர்கள் அதைத் தங்கள் வேட்பாளருக்கு இரண்டாவது தொகுதி கிடைக்குமா என்ற கோணத்தில்தான் கேட்பார்கள். வாக்காளரின் இடத்தில் நின்று உங்கள் பேரன் கேட்டிருப்பதே சரியான கேள்வி. சட்டத்தில் அதற்கு முழுமையான பதில் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எத்தனை தொகுதிகள் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1996-ஆம் ஆண்டு வரை இதற்கு உச்சவரம்பே இருக்கவில்லை. 1957 மக்களவைத் தேர்தலில் வாஜ்பாய் பல்ராம்பூர், லக்னோ, மதுரா ஆகிய மூன்று தொகுதிகளில் நின்று, பல்ராம்பூரில் வென்று, லக்னோவில் தோற்று, மதுராவில் டெபாசிட்டையும் இழந்தார். 1985 ஆந்திர சட்டமன்றத் தேர்தலில் என்.டி. ராமராவ் குடிவாடா, இந்துப்பூர், நல்கொண்டா என மூன்றிலும் நின்று மூன்றிலும் வென்று, இந்துப்பூரை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டார். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 1996-இல் செய்த திருத்தம் 33-ஆம் பிரிவில் 7-ஆம் உட்பிரிவைச் சேர்த்த பிறகுதான், ஒருவர் ஒரு பொதுத்தேர்தலில் இரண்டு மக்களவைத் தொகுதிகளுக்கு மேலோ இரண்டு சட்டமன்றத் தொகுதிகளுக்கு மேலோ நிற்க முடியாது என்ற வரம்பு வந்தது. ஒரே நேரத்தில் நடக்கும் இடைத்தேர்தல்களுக்கும் இதே கணக்குத்தான். மக்களவைக்கும் சட்டமன்றத்துக்கும் வரம்பு தனித்தனி என்பதால், இரண்டுக்கும் ஒன்றாகத் தேர்தல் நடக்கும் மாநிலத்தில் ஒருவர் இதில் இரண்டிலும் அதில் இரண்டிலும் ஆக நான்கு தொகுதிகளில் நிற்பதை இந்த உட்பிரிவு தடுப்பதில்லை.

இந்த வரம்பு வெறும் ஏட்டில் இருப்பதல்ல. வேட்புமனுப் படிவத்திலேயே, "இந்தத் தேர்தலில் இரண்டு தொகுதிகளுக்கு மேல் என் பெயர் முன்மொழியப்படவில்லை, முன்மொழியப்படவும் மாட்டாது" என்ற பொருளில் ஓர் உறுதிமொழி அச்சிடப்பட்டிருக்கும். வேட்பாளர் அதன் கீழ்தான் கையொப்பமிடுகிறார். 2001-இல் ஜெயலலிதா ஆண்டிப்பட்டி, கிருஷ்ணகிரி, புவனகிரி, புதுக்கோட்டை ஆகிய நான்கு தொகுதிகளில் மனு தாக்கல் செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான்கும் தள்ளுபடியாயின. அவர் மீதான குற்றத் தீர்ப்போடு, இந்த இரண்டு தொகுதி வரம்பும் அதற்குக் காரணமாயிற்று. ஒரே தொகுதிக்கு நான்கு மனுக்கள் வரை தரலாம் என்பது வேறு விதி. எழுத்துப்பிழையால் ஒன்று தள்ளுபடியானாலும் மற்றொன்று நிற்கட்டும் என்பதற்காக வந்தது அது. இரண்டையும் குழப்பிக்கொண்டு, நான்கு தொகுதிகளில் நிற்கலாம் என்று என்னிடம் வாதிட்ட சுயேச்சைகளும் உண்டு.

வென்ற பிறகு நடப்பது இது. இரண்டு தொகுதிகளிலும் வென்றவர் 14 நாட்களுக்குள் ஒன்றைத் தவிர மற்றதை எழுத்துமூலம் ராஜினாமா செய்ய வேண்டும். செய்யத் தவறினால் இரண்டுமே காலியாகிவிடும். எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பது முழுக்க முழுக்க அவருடைய விருப்பம். காரணம் சொல்லத் தேவையில்லை. அதிக வாக்கு வித்தியாசத்தில் வென்ற தொகுதியைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்றோ, முதலில் மனு தாக்கல் செய்த தொகுதிக்குத்தான் முன்னுரிமை என்றோ எந்த விதியும் கிடையாது. 2014-இல் மோடி வதோதராவில் 5,70,000-க்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தொகுதியைத்தான் விட்டார், வாரணாசியை வைத்துக்கொண்டார். அதே ஆண்டு முலாயம் சிங் யாதவ் ஆசம்கரை வைத்துக்கொண்டு மெயின்புரியை விட்டார். சட்டமன்றத்துக்கும் மக்களவைக்கும் சேர்த்து நின்று வென்ற சந்திரசேகர ராவ் தெலங்கானாவின் முதலமைச்சராகி, மேடக் மக்களவைத் தொகுதியை விட்டார். 2014 செப்டம்பர் 13 அன்று இந்த மூன்று தொகுதிகளிலும் இடைத்தேர்தல் நடந்தது. மூன்று தொகுதிகளின் வாக்காளர்களும் ஐந்தே மாதங்களுக்குள் மீண்டும் வரிசையில் நின்றார்கள். மூன்று பேரும் மூன்று வெவ்வேறு கட்சியினர் என்பதைக் கவனியுங்கள். இதில் எந்தக் கட்சிக்கும் மற்றொன்றைக் குறை சொல்லத் தகுதி இல்லை.

காலியிடம் ஏற்பட்ட நாளிலிருந்து ஆறு மாதங்களுக்குள் இடைத்தேர்தல் நடத்த வேண்டும் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 151-ஏ பிரிவு சொல்கிறது. ஆறு மாதம்தானே என்று நினைக்கத் தோன்றும். அந்த ஆறு மாதம் எப்படிப்பட்டதாக இருக்கக்கூடும் என்பதற்கு வயநாட்டை எடுத்துக்கொள்கிறேன். நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து எல்லையைக் கடந்தால் வந்துவிடும் ஊர்களைக் கொண்ட தொகுதி அது. நம்மில் பலர் நேரில் பார்த்த மண்.

2024 ஏப்ரல் 26 அன்று வயநாடு வாக்களித்தது. ராகுல் காந்தி அங்கே வேட்பாளர். அவர் ரேபரேலியில் மனு தாக்கல் செய்தது மே 3 அன்று, அங்கே மனுத் தாக்கலுக்கான கடைசி நாளில். அதாவது, அவர் இன்னொரு தொகுதியிலும் வேட்பாளர் ஆகிவிட்டார் என்பது, விரலில் மை வைத்துக்கொண்டு வீடு திரும்பிய பிறகுதான் வயநாட்டு வாக்காளருக்குத் தெரிந்தது. ஜூன் 4 அன்று இரண்டிலும் வென்றார். ஜூன் 18 அன்று, 14 நாள் கெடுவுக்குள், வயநாட்டை விட்டார். ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் நிலச்சரிவு ஏற்பட்டு 200-க்கும் அதிகமானோர் இறந்தார்கள். சாலியாறு அடித்துச் சென்ற உடல்கள் நிலம்பூர்ப் பக்கம் கரை ஒதுங்கின. நிலம்பூரும் அதே வயநாடு மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகிறது. அப்போது நாடாளுமன்றம் கூடியிருந்தது. அந்தத் தொகுதிக்கு மட்டும் மக்களவையில் உறுப்பினர் இல்லை.

ராகுல் காந்தி எதிர்க்கட்சித் தலைவராக உடனே அங்கே சென்றார், அவையிலும் பேசினார், கேரளத்தின் மற்ற உறுப்பினர்களும் குரல் கொடுத்தார்கள். அதை மறைப்பது நியாயமாகாது. மாநில அரசும் இராணுவமும் செய்த பணி தனி. ஆனாலும் அந்த ஊர்களுக்கென்று, அந்த ஊர்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு, நிவாரணத்துக்கும் மறுவாழ்வுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் அந்த நாளில் அவையில் இல்லை. நவம்பர் 13 அன்றுதான் இடைத்தேர்தல் நடந்தது. ஏப்ரலில் 70 சதவீதத்தைத் தாண்டியிருந்த வாக்குப்பதிவு 65 சதவீத அளவுக்குக் குறைந்தது. பிரியங்கா காந்தி நான்கு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். வாக்குப்பதிவு ஏன் குறைந்தது என்பதற்கு ஒரே காரணம் சொல்லிவிட முடியாது. ஆனால், ஒரே ஆண்டில் இரண்டாவது முறை அழைக்கும்போது எல்லோரும் வருவதில்லை என்பது தேர்தல் பணி செய்த உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

உங்கள் பேரனிடம் நீங்கள் சொல்லக்கூடியது இது: அவனுடைய வாக்கு வீணாகாது, அது எண்ணப்பட்டு, ஓர் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும். ஆனால், அந்த உறுப்பினர் அந்தத் தேர்வை ஏற்பதா மறுப்பதா என்று 14 நாட்களுக்குள் முடிவெடுக்கும் உரிமையைச் சட்டம் அவருக்கே கொடுத்திருக்கிறது. மறுத்தால், வாக்காளனிடம் மீதமிருப்பது இடைத்தேர்தலில் இன்னொரு வாக்கு மட்டுமே.

அடுத்தது, செலவு. மக்களவை இடைத்தேர்தலின் செலவை மத்திய அரசும், சட்டமன்ற இடைத்தேர்தலின் செலவை மாநில அரசும் ஏற்கின்றன. அதாவது, நீங்களும் நானும். விட்டுப் போனவரிடமிருந்து ஒரு ரூபாய் கூட வசூலிக்கப்படுவதில்லை. டெபாசிட் விஷயத்தில் மட்டும் சிறிய இழப்பு ஒன்று உண்டு. பொதுத்தேர்தலில் இரண்டு தொகுதிகளில் நிற்பவருக்கு, இரண்டிலும் வென்றாலும், ஒரு தொகுதியின் வைப்புத்தொகை மட்டுமே திருப்பித் தரப்படும். மற்றது அரசுக்குப் போய்விடும். மக்களவைக்கு 25,000 ரூபாய், சட்டமன்றத்துக்கு 10,000 ரூபாய். பட்டியல் சாதி, பழங்குடி வேட்பாளர்களுக்கு அதில் பாதி. பெரிய மாநிலத்தில் ஒரு மக்களவைத் தொகுதிக்கு 95 லட்சம் ரூபாய் வரை செலவிட அனுமதிக்கப்பட்ட வேட்பாளருக்கு இந்தத் தொகை ஒரு பொருட்டே அல்ல.

பணத்தை விடுங்கள். முந்தைய நாள் மாலை பெட்டிகளோடு வந்து வகுப்பறையில் பாய் விரித்துப் படுப்பது, விடிவதற்குள் எழுந்து முகவர்கள் முன்னிலையில் ஐம்பது வாக்குகள் போட்டு மாதிரி வாக்குப்பதிவு நடத்திக் காட்டுவது, 17-ஏ பதிவேட்டில் ஒவ்வொருவரிடமும் கையொப்பம் வாங்குவது, எல்லாம் முடிந்த பிறகு 17-சி படிவத்தைக் கணக்குப் பார்த்து நிரப்பி முத்திரையிடுவது ஆகிய எல்லாவற்றையும் நீங்கள் செய்திருக்கிறீர்கள். இடைத்தேர்தல் என்றால் இவை அத்தனையும் முதலிலிருந்து மீண்டும் நடக்க வேண்டும். அதற்குமுன் பல வாரங்களுக்கு நடத்தை விதிகள் மீண்டும் அமலுக்கு வரும். தொகுதியில் புதிய திட்டங்களை அறிவிக்க முடியாது. இந்தச் செலவை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதுவதில்லை.

வழக்குத் தொடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது என்பதே என் தொழில்முறைக் கருத்து. அந்தத் தொகுதியின் எந்த வாக்காளரும் முடிவு வெளியான நாளிலிருந்து 45 நாட்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு தாக்கல் செய்யலாம் என்பது உண்மை. ஆனால், எந்தக் காரணங்களுக்காகத் தேர்தலைச் செல்லாது என்று அறிவிக்கலாம் என்பதை 100-ஆம் பிரிவு வரையறுத்துவிடுகிறது. சட்டம் அனுமதித்த இரண்டு தொகுதிகளில் நின்றதும், ஒன்றை விட்டதும் அவற்றில் சேராது. "உங்களை விட்டுப் போக மாட்டேன்" என்று மேடையில் வாக்குறுதி கொடுத்துவிட்டு மீறினாலும் அது முறைகேடான செயல் என்ற வரையறைக்குள் வராது. இழப்பீடு கோரி உரிமையியல் வழக்குத் தொடுக்கலாமா என்று முன்பு ஒருவர் என்னிடம் கேட்டார். வீண் செலவு வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

சட்டப்பிரிவையே எதிர்த்து வழக்கு நடந்திருக்கிறது. 33(7) பிரிவு அரசமைப்புக்கு முரணானது என்று தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கை 2023 பிப்ரவரி 2 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு தள்ளுபடி செய்தது. ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட தொகுதிகளில் நிற்பதற்குப் பல காரணங்கள் இருக்கலாம், அதை அனுமதிப்பதா வேண்டாமா என்பது நாடாளுமன்றம் எடுக்க வேண்டிய கொள்கை முடிவு என்பதே அந்த உத்தரவின் சாரம். அந்த வழக்கில் தேர்தல் ஆணையம் ஒருவருக்கு ஒரு தொகுதி என்ற நிலைப்பாட்டை ஆதரித்தது. ஆணையம் 2004-இலேயே இந்தத் திருத்தத்தைக் கோரியது. அது முடியாவிட்டால், விட்டுப் போகிறவரிடமிருந்து சட்டமன்றத் தொகுதிக்கு 5 லட்சம் ரூபாயும் மக்களவைத் தொகுதிக்கு 10 லட்சம் ரூபாயும் வாங்க வேண்டும் என்றும் கேட்டது. 2015-இல் சட்ட ஆணையத்தின் 255-ஆவது அறிக்கையும் ஒரு தொகுதி போதும் என்று பரிந்துரைத்தது. இவை எதுவும் இதுவரை சட்டமாகவில்லை.

எதிர்த்தரப்பு வாதத்தையும் நான் எளிதாக ஒதுக்கிவிட மாட்டேன். ஒரு கட்சித் தலைவர் மாநிலம் முழுவதும் சுற்றிப் பிரச்சாரம் செய்ய வேண்டியவர். தம் தொகுதியில் இருக்க நேரமில்லாதவர். எதிர்க்கட்சிகள் தங்கள் முழு பலத்தையும் அந்த ஒரு தொகுதியில் குவித்து அவரைத் தோற்கடித்தால், மக்கள் ஆட்சிக்குத் தேர்ந்தெடுத்த கட்சிக்கு அவையில் தலைவர் இல்லாமல் போவார். 2018-இல் சித்தராமையா சாமுண்டீஸ்வரியில் தோற்று, பாதாமியில் 1,696 வாக்கு வித்தியாசத்தில்தான் அவைக்குள் வந்தார் என்பதை இந்த வாதத்தினர் எடுத்துக்காட்டுவார்கள்.

இது உண்மையான அச்சம்தான். ஆனால், அதற்கு அரசமைப்பே வேறொரு வழியைத் தந்திருக்கிறது. அவை உறுப்பினர் அல்லாத ஒருவர் ஆறு மாதங்கள் வரை அமைச்சராகவோ முதலமைச்சராகவோ இருக்கலாம். 2021-இல் மம்தா பானர்ஜி நந்திகிராமில் தோற்ற பிறகும் முதலமைச்சரானார். செப்டம்பர் 30 அன்று பவானிபூர் இடைத்தேர்தலில் நின்று வென்றார். அங்கும் இடைத்தேர்தல் வந்தது உண்மை. ஆனால், பவானிபூர் மக்கள் யாருக்காக, எதற்காக வாக்களிக்கிறோம் என்பது தெளிவாகத் தெரிந்தே வாக்களித்தார்கள். தலைவரின் தோல்வியின் விலையை அவருடைய கட்சி கொடுத்தது. இரண்டு தொகுதி முறையில் தலைவரின் வெற்றியின் விலையை அவர் விட்டுச் சென்ற தொகுதி கொடுக்கிறது. இரண்டில் முதலாவதே நேர்மையானது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஒருவருக்கு ஒரு வாக்கு என்று நம்மிடம் கண்டிப்பாக இருக்கும் சட்டம், வேட்பாளரிடம் ஒரு தொகுதி என்று கண்டிப்பாக இருப்பதில் தவறே இல்லை.

வாக்காளர்களும் சும்மா இருந்துவிடவில்லை. 2023 தெலங்கானா தேர்தலில் காமாரெட்டி தொகுதியைப் பாருங்கள். முதலமைச்சர் சந்திரசேகர ராவ் கஜ்வேலோடு அங்கேயும் நின்றார். அவரை எதிர்த்து, அடுத்து முதலமைச்சராகவிருந்த ரேவந்த் ரெட்டி கோடங்கலோடு அங்கேயும் நின்றார். இரண்டு பெரிய தலைவர்களையும் விட்டுவிட்டு, அந்தத் தொகுதியில் மட்டுமே நின்ற பாரதிய ஜனதா வேட்பாளர் வெங்கட ரமண ரெட்டியைக் காமாரெட்டி தேர்ந்தெடுத்தது. அந்தத் தீர்ப்புக்கு வேறு காரணங்களும் இருந்திருக்கும். ஆயினும் இடைத்தேர்தலுக்கு வாய்ப்பே இல்லாதபடி அந்த மக்கள் முடித்துவிட்டார்கள்.

இனி, நீங்கள் செய்யக்கூடியவை. இரண்டு தொகுதிகளில் நிற்கும் வேட்பாளர் வாக்குக் கேட்டு வந்தால், இரண்டிலும் வென்றால் எதை வைத்துக்கொள்வீர்கள் என்று உங்கள் பேரன் நேரடியாக, நாலு பேர் முன்னால் கேட்கட்டும். கேட்பது அவன் உரிமை. வேட்பாளர் சொல்லும் பதில் சட்டப்படி அவரைக் கட்டுப்படுத்தாது என்று மேலே சொன்னேன். ஆனால், பதில் சொல்ல மறுப்பதும் ஒரு பதில்தான், அதை வைத்து அவன் முடிவெடுக்கலாம். இரண்டாவதாக, சட்டத் திருத்தம் கோரி மக்களவையின் மனுக்கள் குழுவுக்கு எந்தக் குடிமகனும் மனு அனுப்பலாம். முழுத் திருத்தம் கேட்பதோடு, குறைந்தபட்சம் ஒன்றையாவது தனியாகக் கேளுங்கள்: இன்னொரு தொகுதியிலும் நிற்பதாக இருந்தால், முதல் தொகுதியில் வாக்குப்பதிவு தொடங்குவதற்கு முன்பே வேட்பாளர் அதை அறிவித்தாக வேண்டும். பல கட்டங்களாக நடக்கும் தேர்தலில் வயநாட்டு வாக்காளருக்கு நேர்ந்தது வேறு யாருக்கும் நேராமல் இருக்க இந்தச் சிறு திருத்தம் போதும். எந்தத் தலைவருக்கும் இதனால் இழப்பு இல்லை. உங்களைப் போல வாக்குச்சாவடியின் உள்ளே இருந்து தேர்தலைப் பார்த்தவர்களின் கையொப்பம் அந்த மனுவில் இருந்தால் அதற்குத் தனி மதிப்பு உண்டு. வரைவு எழுதுவதில் உதவி தேவைப்பட்டால் எனக்கு எழுதுங்கள். கட்டணம் எதுவும் வேண்டாம்.

கடைசியாக, பேரனின் பெயர் வாக்காளர் பட்டியலில் ஏறிவிட்டதா என்று பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் படிவம் 6 கொடுக்க வேண்டும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள் இருப்பதால், 18 வயது நிறைந்தவர்கள் அடுத்த ஜனவரி வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒருவேளை உங்கள் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தால், பொதுத்தேர்தலின்போது வயது போதாமல் இருந்த அவனுடைய நண்பர்களும் அதற்குள் பெயர் சேர்த்துக்கொண்டு வாக்களிக்க முடியும்.